கஸ்டம் பைக்கில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

பைக் பிரியர்களிடையே இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. ஒரு பக்கம், கம்பெனியே அலங்கரித்து, வரிசை எண் பொறித்து, குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஃபேக்டரி கஸ்டம் பைக்கை வாங்குகிறவர்கள். இன்னொரு பக்கம், சாதாரண ஸ்டாக் பைக்கை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறவர்கள். முதல் கூட்டத்தைப் பார்த்து "காசு கொடுத்து ரசனையை வாங்கியவர்கள்" என்பார்கள் இவர்கள். "நல்ல வண்டியைக் கெடுக்கிறவர்கள்" என்பார்கள் அவர்கள்.

இரண்டு பக்கமும் எனக்கு நண்பர்கள் உண்டு. ஆனாலும் இதில் எனக்கு ஒரு திடமான கருத்து இருக்கிறது. வண்டியின் எலும்பைத் தொடும் மாற்றங்களைக் கம்பெனி செய்யட்டும். நம் உடம்பைத் தொடும் மாற்றங்களை நாம் செய்துகொள்வோம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கம்பெனியிடம் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் பணத்தைக் கொட்டுகிறார்கள்; பட்டறையில் வண்டியின் சட்டமான ஃபிரேமை அறுக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ரசனைக் குற்றச்சாட்டு. அது நியாயமில்லை. ஃபேக்டரி கஸ்டம் என்பதே பட்டறைக்காரர்களைப் பார்த்துக் கம்பெனி கற்றுக்கொண்ட பாடம்தான். 1960களில் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் பைக் வைத்திருந்த பலர், நீண்ட பயணத்துக்கான பெரிய டூரிங் வண்டியிலிருந்த பெட்டிகளையும் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியையும் கழற்றிப் போட்டுவிட்டு, முன்பக்கம் மெல்லிய ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கூர்ந்து கவனித்தவர் ஹார்லியின் வடிவமைப்பாளர் வில்லி ஜி. டேவிட்சன். பெரிய டூரிங் மாடலான எலக்ட்ரா கிளைடின் ஃபிரேமையும் எஞ்சினையும் எடுத்து, சிறிய மாடலான ஸ்போர்ட்ஸ்டரின் முன்பக்கத்தை அதில் பொருத்தி, 1971 மாடலாக எஃப்எக்ஸ் சூப்பர் கிளைடு வந்தது. ஃபேக்டரி கஸ்டம் இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது பலருடைய கணக்கு. அதில் படகின் பின்பக்கத்தைப் போல ஒரு ஃபைபர் வால் இருந்தது. வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே வழக்கமான மட்கார்டு வந்துவிட்டது.

ஹார்லியின் இன்னொரு மாடலான சாஃப்டெயிலின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். பின்னால் ஷாக் அப்சார்பரே இல்லாத பழைய ஹார்ட்டெயில் தோற்றம் வேண்டும், ஆனால் இடுப்பும் தாங்க வேண்டும். இந்த ஆசைக்கு விடை கண்டுபிடித்தவர் கம்பெனி ஆள் இல்லை. பில் டேவிஸ் என்ற எஞ்சினியர், தன் சொந்த முயற்சியில், ஷாக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் அமைப்பை உருவாக்கினார். ஹார்லி அந்த அமைப்பின் உரிமையை அவரிடம் விலைக்கு வாங்கி 1984 மாடலாகக் கொண்டுவந்தது. அதன் பிறகு சாஃப்டெயில் இல்லாத ஹார்லியை நினைத்துப் பார்க்கவே முடியாது என்றாகிவிட்டது.

ஆக, பட்டறையும் ஃபேக்டரியும் எதிரிகள் இல்லை. யாருக்கு எந்த வேலை என்பதுதான் கேள்வி.

எலும்பு என்று சொன்னேனே, அதை விளக்க வேண்டும். ஃபோர்க் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது ரேக். ஹேண்டில் திரும்பும் அச்சை அப்படியே நேராகத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் நடுவே உள்ள தூரம் ட்ரெயில். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ரேக் 24 டிகிரியை ஒட்டி இருக்கும். ஹார்லி போன்ற, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் குரூசர்களில் 30ஐத் தொடும், தாண்டவும் செய்யும். ட்ரெயில் பல வண்டிகளில் 100 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. வண்டி நேராகப் போகும்போது கையை அழுத்தாமலே நேராகப் போவதும், வளைவில் சொன்னபடி கேட்பதும் இந்த இரண்டு எண்களைப் பொறுத்தது.

இவை எவ்வளவு நுணுக்கமானவை பாருங்கள். ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வெறும் 10 மில்லிமீட்டர் மேலே ஏற்றினால், 1400 மில்லிமீட்டர் வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) உள்ள வண்டியில் ரேக் சுமார் 0.4 டிகிரி குறையும். ட்ரெயில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறையும். இவ்வளவு சின்ன மாற்றத்தையே கவனமாக ஓட்டுகிற ஒருவரால் உணர முடியும். அப்படியிருக்க, தோற்றத்துக்காக ஃபோர்க்கை ஒரு கை நீளத்துக்கு நீட்டி, ஃபோர்க் மாட்டும் ஃபிரேமின் ஹெட்டை அறுத்துச் சாய்த்து வெல்டிங் வைத்த வண்டி என்னாகும்? ட்ரெயில் எகிறும். நேர்ரோட்டில் நன்றாக இருப்பது போலத் தோன்றும். மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சரிந்து விழப்பார்க்கும். கை அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அப்புறம் வெல்டிங். ஃபிரேம் குழாயைச் சூடாக்கும்போது பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள உலோகத்தின் குணம் மாறிவிடும். எந்த உலோகக் கலவை, எவ்வளவு கனம், எங்கே சுமை விழுகிறது என்று தெரியாமல் வைக்கும் வெல்டிங், பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நம்ப முடியாது. பழைய பந்தய பைக்கைப் போன்ற கஃபே ரேசர் தோற்றத்துக்காகச் சீட்டுக்குக் கீழே உள்ள பின்ஃபிரேமை அறுத்துச் சுருக்குகிறார்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அந்த இடத்தில் எவ்வளவு விசை விழும் என்று கம்பெனி கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்துத்தான் அதை அங்கே வைத்திருக்கிறது. அகலமான பின்டயர் இன்னொரு மோகம். ரிம்மை மாற்றாமல் அகல டயரை மட்டும் போட்டால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் டயரின் சுற்றளவு கண்டபடி மாறினால், சக்கர வேகத்தைக் கொண்டு அது போடும் கணக்கும் குழம்பும். இவ்வளவும் ஒரு தோற்றத்துக்காக.

"பட்டறையில் ஃபிரேம் செய்தவர்களே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். மாசிமோ தம்புரீனி 1972ல் இத்தாலியின் மிசானோ பந்தயத் தடத்தில் தன் ஹோண்டா சிபி750லிருந்து விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டார். அந்த எஞ்சினைச் சுற்றிப் புதிதாக ஒரு ஃபிரேமைத் தானே உருவாக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் அவர் பங்குதாரராக இருந்த பிமோட்டா நிறுவனத்தின் முதல் மாடல் எச்பி1. அதற்கு முன் அந்த நிறுவனம் வெப்பமூட்டும் குழாய் வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் இவர்தான் பின்னாளில் டுகாட்டி 916 என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் பைக்கை வடிவமைத்தவர். ஃபிரேமை ஏன் தொடுகிறோம், தொட்டால் என்ன மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு உள்ளவர் கையில் கொடுப்பதாக இருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. என் கோபமெல்லாம் படத்தைப் பார்த்து அறுப்பதன் மேல்தான்.

சரி, கம்பெனியால் செய்ய முடியாதது எது? உங்களை அளப்பது. அது ஒரு சராசரி மனிதருக்குத்தான் வண்டி செய்யும். அவருடைய எடைக்கு ஸ்பிரிங், உயரத்துக்கு சீட், கைநீளத்துக்கு ஹேண்டில்பார். உங்கள் எடை அதிலிருந்து பத்துப் பதினைந்து கிலோ தள்ளி இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியானாலும் சஸ்பென்ஷன் உங்களுக்கானது இல்லை.

இங்கே நிறையப் பேருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் திருகை, திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதைத்தான் அது மாற்றும். நீங்கள் ஏறி உட்காரும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதை ஸேக் என்பார்கள். மொத்தம் இறங்கக்கூடிய தூரத்தில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அது இருந்தால் நல்லது. ப்ரீலோடை முழுவதும் ஏற்றிய பிறகும் அதைவிட அதிகமாக இறங்கினால், உங்கள் எடைக்கு வேறு ஸ்பிரிங் வேண்டும். அளப்பதற்கு ஒரு டேப்பும், வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு நண்பரும் போதும். சைலன்சருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவழித்தவர்கள், அதே ரோட்டில் வேறு ஒரு வண்டியை ஓட்டுவதாகச் சொல்வார்கள். நானும் அதைச் சொல்கிற ஆள்தான்.

என் வண்டியில் முதலில் மாறியது ஹேண்டில்பார். நீண்ட தூரம் ஓட்டினால் மணிக்கட்டு மரத்துப்போகும். கொஞ்சம் உயரமாகவும் பின்னோக்கி வளைந்தும் இருக்கிற பாரைப் போட்டதும் தோளும் மணிக்கட்டும் இளகின. அதைப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயர் எல்லாமே இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரோட்டில் இறங்க வேண்டும். அடுத்து சீட். புது சீட் வாங்கவில்லை. இருந்த நுரையையே செதுக்கி, இடுப்பெலும்பு அழுந்தும் இடத்தில் அடர்த்தியான நுரையை வைத்துத் தைத்தேன். பிறகு ஸ்பிரிங். வெளியிலிருந்து பார்க்கிறவர் என் வண்டியை ஸ்டாக் என்றுதான் சொல்வார். எனக்கு அது போதும்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஃபேக்டரி கஸ்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது? 1999 மாடல் ஆண்டில் தொடங்கிய ஹார்லியின் ஃபேக்டரி கஸ்டம் வரிசையான சிவிஓவைப் பாருங்கள். சில ஆண்டுகளில் பெயின்ட்டும் குரோமும்தான் பெரும்பகுதி. சில ஆண்டுகளில் நிஜமான எஞ்சினியரிங் இருக்கும். 2023 சிவிஓ ஸ்ட்ரீட் கிளைடிலும் ரோடு கிளைடிலும் வால்வு நேரத்தை மாற்றிக்கொள்ளும் 121 கன அங்குல எஞ்சின், தலைகீழ் ஃபோர்க், புது முகப்பு, பெரிய தொடுதிரை எல்லாம் வந்தன. அந்த எஞ்சினை யாரும் தன் பட்டறையில் செய்துவிட முடியாது. ஆனால் அந்த முகப்பும் தொடுதிரையும் அடுத்த ஆண்டே சாதாரண மாடல்களுக்கும் வந்துவிட்டன.

பிரிட்டிஷ் கம்பெனியான ட்ரையம்ஃப் 2019ல் த்ரக்ஸ்டன் டிஎஃப்சி (ட்ரையம்ஃப் ஃபேக்டரி கஸ்டம்) என்று 750 வண்டிகள் மட்டும் செய்தது. சாதாரண மாடலான த்ரக்ஸ்டன் ஆரைவிட சக்தி கூட, எடை 5 கிலோ குறைவு, கார்பன் பாகங்கள். அருமையான வண்டி, மறுக்கவே மாட்டேன். 2020 மாடலாக வந்த த்ரக்ஸ்டன் ஆர்எஸ், எண்ணிக்கை வரம்பு இல்லாத சாதாரண மாடல், 105 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) சக்தியோடு பழைய ஆரைவிட 6 கிலோ எடை குறைந்து வந்தது. காத்திருந்தவருக்கு அந்த எஞ்சினியரிங்கில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. முதலில் வாங்கியவருக்கு மிஞ்சியது அந்த வரிசை எண், கார்பன், இன்னும் கொஞ்சம் குதிரைத்திறன். அதற்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. அரிய பொருளை வைத்திருக்கும் சந்தோஷம் நிஜமானது. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அதோடு, அவ்வளவு கொடுத்து வாங்கியவர்களும் கடைசியில் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றத்தான் செய்கிறார்கள். நண்பர் ஒருவர் வாங்கிய சில நாட்களிலேயே மாற்றினார். கழற்றிய அந்த விலையுயர்ந்த கஸ்டம் சீட் அலமாரியில் இருக்கிறது. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. வண்டி அவருடைய உடம்பை அளந்து செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனிகளுக்கும் இது புரிந்திருக்கிறது. பிஎம்டபிள்யூ 2013ல் ஆர் நைன்டி என்ற பைக்கைக் கொண்டுவந்தபோது, மாற்றுகிறவர்களை மனதில் வைத்தே செய்தது. பின்னால் உட்காருகிறவருக்கான ஃபிரேம் பகுதியை போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம், அறுக்கவே வேண்டாம். எஞ்சினுக்கான ஒயரிங்கை மற்ற ஒயரிங்கிலிருந்து பிரித்து வைத்தார்கள். விளக்கை மாற்றப் போய் எஞ்சின் நின்றுவிடும் பயம் குறைந்தது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை இன்னும் நிறையக் கம்பெனிகள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃபேக்டரி கஸ்டம் பிடித்திருந்தால், சாதாரண மாடலின் விவரப் பட்டியலையும் அதன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஞ்சின், ஃபோர்க், பிரேக், சக்கரம், எடை இவற்றில் வித்தியாசம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அவற்றைத் தனித்தனியாக வாங்கி மாட்டினால் செலவு எங்கேயோ போய்விடும், வாரண்டியும் கேள்விக்குறியாகும். வித்தியாசம் பெயின்ட்டோடு நின்றுவிட்டால், ஸ்டாக் வண்டியை வாங்குங்கள். எதையும் மாற்றாமல் கொஞ்சகாலம் ஓட்டுங்கள். எங்கே வலிக்கிறது, எங்கே வண்டி உங்களோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். கழற்றிய ஒவ்வொரு ஸ்டாக் பாகத்தையும் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதி எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸுக்கும் பதிவுக்கும் சொல்ல வேண்டிய மாற்றத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் மாற்றத்துக்குச் செலவழித்த பணம் விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வராது. வாங்குகிறவர் ஸ்டாக் வண்டியைத்தான் தேடுவார். பழைய பாகங்களை மாட்டி வண்டியைக் கொடுத்துவிட்டு, உங்கள் ஸ்பிரிங்கையும் ஹேண்டில்பாரையும் தனியாக விற்றுவிடலாம். உங்கள் எடையும் கைநீளமும் உள்ள இன்னொருவருக்கு அவை உதவும்.