இடமிருந்து வலம்

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் நடந்த ஊர்ச் சிறப்பு மலர் வெளியீட்டு விழாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மூன்று நாளாக எல்லார் டைம்லைனிலும் அந்த மலரின் அட்டைதான் ஓடுகிறது. நானும் ‘வாழ்த்துகள்’ போட்டேன். இன்னும் அழிக்கவில்லை. நேற்று மலர் கூரியரில் வந்து, 46ஆம் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்குகிறார்கள். கீழே ‘தீப்பெட்டித் தொழிலாளர்கள்’ என்று இரண்டே சொல். எதிர்ப் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் நாற்காலியில். அவர்களுக்கு மட்டும் ‘இடமிருந்து வலம்’ என்று ஆரம்பித்து, பெயர், இனிஷியல், பட்டம், பின்வரிசையில் நிற்பவர், கடைசியில் ‘படத்தில் இல்லாதவர்’ வரைக்கும் இருக்கிறது. படத்தில் இல்லாதவருக்குப் பெயர் இருக்கிறது. படத்தில் இருக்கிற ஆறு பேருக்கு இல்லை.

அந்த ஆறு பேரில், இடமிருந்து வலம் இரண்டாவது, என் பெரியம்மா.

மலர்க் குழுவில் தெரிந்த அண்ணாச்சி ஒருவருக்கு போன் போட்டேன். “தம்பி, அது பழைய படம். யார் யாருன்னு எங்களுக்கு எப்படிப்பா தெரியும்?” என்றார். கேட்டிருக்கலாமே அண்ணாச்சி. விழா நடந்த மண்டபத்திலிருந்து பெரியம்மா வீடு நடந்தால் பத்து நிமிஷம். வழியில் டீ குடித்தால் கால் மணி நேரம்.

கட்டை அடுக்குவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஒரு சட்டம் நிறைந்ததும் அதன்மேல் இன்னொன்று. அடுக்கி முடித்து இறுக்கினால் அது ஒரு கட்டை. அப்புறம் அதை மெழுகில் முக்கி, மருந்தில் முக்கிக் காயவைப்பார்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு குச்சி எம்பி நின்றால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று பெரியம்மா சொல்வார். பேசிக்கொண்டே, கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டே, கை மட்டும் தனியாக ஓடும். இப்போது ரேஷன் கடை மெஷினில் அவருடைய கைரேகை விழுவதில்லை. பெருவிரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். ரேகை தேய்ந்துவிட்டது. வயதாகிவிட்டது என்பார்கள். இருக்கலாம்.

மலரில் தீப்பெட்டித் தொழிலுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது, மூலப்பொருள் விலை, லைட்டர் போட்டி எல்லாம் விவரமாக இருக்கிறது. பெட்டிக்குள் குச்சி தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது போல. கடலைமிட்டாய்க்கும் அதே கதிதான். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பெருமை ஒரு பக்கம் முழுக்க. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் ‘பதம்’ என்று சொல்கிற ஆள் எந்தப் பக்கத்தில்? அந்த விரல் ஒரு நிமிஷம் தப்பினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், குறியீடு இருந்தாலும்.

உடனே கமெண்டில் வருவீர்கள். முதலாளிகள் இல்லாவிட்டால் வேலை ஏது என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பெயரை எடுக்கச் சொன்னேனா? எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு 2022இல் மணிமண்டபம் வந்தபோது முதல் வரிசையில் கைதட்டியவன் நான். அதே வருஷம் ஆசியக் கோப்பை ஹாக்கியில் ஆடிய நம்ம ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் படத்தைப் போட்டிருக்கிறீர்கள், ரொம்ப நல்லது. நான் கேட்பது ஆறு பெயர். ஒரே ஒரு வரி. பக்கம் பத்தவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நகைக்கடை விளம்பரங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

‘இதில் சாதியைக் கொண்டுவராதீர்கள்’ என்று, நேற்று இதைச் சொன்னதுமே இன்பாக்ஸில் ஒரு நண்பர். நான் கொண்டுவரவில்லை. அந்தப் பன்னிரண்டு பெயர்களை மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இன்னொருவர், குழந்தைகளை வைத்து வளர்ந்த தொழில்தானே, அதில் என்ன பெருமை என்று கேட்டார். இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. பெரியம்மா ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, போனவர். அப்போது கிராமத்தில் இருந்தார்கள். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும், தூக்கத்தோடேயே தூக்கி ஏற்றிவிடுவார்களாம். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அதையும்தான் போடுங்களேன். பெயரோடு போடுங்கள்.

‘சென்னையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறான்’ என்று எழுதியவருக்கு: ஆமாம், சென்னையில்தான் இருக்கிறேன். பெரியம்மா அடுக்கிய கட்டைக் கூலியில் காலேஜ் பீஸ் கட்டியவன், வேலை கிடைத்த இடத்தில் இருக்கிறேன். வேறு எங்கே உட்காரட்டும்?

கோபத்தில் இவ்வளவு எழுதிவிட்டு, ஊருக்கு உழைத்தவர்களின் பெயர்களை நானே ஒரு பட்டியல் போட்டுக் காட்டலாம் என்று நோட்டை எடுத்தேன். முதலில் நினைவுக்கு வந்தவர் தண்ணீர் கொண்டுவந்தவர். எங்கள் தெருவுக்கு சீவலப்பேரித் தண்ணீர், அதாவது குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. குடத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வருவார். எங்கள் வீட்டில் நான்கு குடம். மாடிப்படி வரைக்கும் அவரே தூக்கி வந்து வைப்பார், ஒரு சொட்டு சிந்தாது. காசு இல்லாத நாளில் சுவரில் கரியால் கோடு போட்டுவிட்டுப் போவார். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரமும் பாத்திரம் தேய்க்க என்று ஒரு குடம் சும்மா வைத்தார். பன்னிரண்டு வருஷம் அவர் தண்ணீரைக் குடித்திருக்கிறேன்.

பெயர் தெரியவில்லை. ‘தண்ணி வண்டி’ என்றுதான் கூப்பிட்டோம். ‘தண்ணி வண்டி வந்தாச்சு’. நோட்டில் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

ராத்திரி பெரியம்மாவுக்கு போன் போட்டு, படத்தில் யார் யார் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. இடமிருந்து வலம் ஆறு பேரையும் சொன்னார். யார் மகள், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது, யார் இப்போது இல்லை, எல்லாம். பேஸ்புக்கில் போடப்போகிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது.

“வேண்டாம் ராசா. அவுக வீட்டுல ஒரு வார்த்தை கேக்காம எப்படிப் போடுவ?”

அதனால் பெயர்கள் என் நோட்டில் இருக்கின்றன, இங்கே இல்லை. கேட்டுவிட்டுப் போடுகிறேன். ‘பார்த்தாயா, நீயும்தான் போடவில்லை’ என்று அண்ணாச்சி சிரிப்பார். சிரிக்கட்டும்.

போனை வைக்கும்போது பெரியம்மா கேட்டார். “அந்தப் புஸ்தகம் என்ன விலைய்யா?”

முந்நூறு என்றேன்.

“அம்மாடி. சரி, படத்துல என் கை தெரியுதா?”