காப்பி கொடுங்கள், முழுசாகக் கொடுங்கள்

போன மாதம் ஒரு மாமி கூப்பிட்டு அனுப்பினார். கணவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கி வைத்திருந்தார். உள்ளே நாற்பதுக்கு மேல் ஸ்பூல் டேப்புகள், எல்லாமே கர்நாடக சங்கீதக் கச்சேரிகள். "இருந்தவரைக்கும் யாரையும் தொட விடலை. நீங்களாவது எடுத்துண்டு போய்க் கேளுங்கோ" என்றார்.

அதில் பதினோரு ஸ்பூல் இனி எந்த மெஷினிலும் ஓடாது. மெட்ராஸ் ஈரம் ஏறி, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் பழுப்பாகப் பொடி உதிர்கிறது. அந்தப் பொடியில்தான் பாட்டு இருந்தது.

மாமியின் கணவரான அந்தப் பெரியவரிடம் இருபது வருடத்துக்கு முன் ஒரே ஒரு கச்சேரிக்குக் காப்பி கேட்டுப் போனேன். "உங்கிட்ட என்ன இருக்கு?" என்றார். அவரிடம் இல்லாத எதுவும் என்னிடம் இல்லை. காப்பி கொடுத்து உபசரித்து அனுப்பிவிட்டார், குடிக்கிற காப்பி.

பழைய கச்சேரி ரெக்கார்டிங் சேர்க்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பழக்கம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரி ஒன்று வேண்டுமென்றால், பதிலுக்கு ஜி.என்.பி. என்கிற ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் கச்சேரி ஒன்று கொடுக்க வேண்டும். அதுவும் ஊரில் வேறு யாரிடமும் இல்லாததாக இருக்க வேண்டும். சிலர் கொடுக்கும்போதே கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டுக் கொடுப்பார்கள். பின்னால் அது எங்கே போய்ச் சேர்ந்தாலும் யார் வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கலாமாம். கடைசியில் பாடும் மங்களம் இல்லாமல் முடியும் எத்தனையோ கச்சேரிகள் என்னிடம் இருக்கின்றன.

எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கிடைக்கும். ஒரு ராகத்தை அரை மணி நேரம் ஆலாபனை செய்யக்கூடியவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்களைச் சுருட்டிக்கொண்டார்கள். ஜி.என்.பி. 1965இல் போய்விட்டார், அரியக்குடி 1967இல், இன்னொரு பெரிய பாடகர் மதுரை மணி ஐயர் 1968இல். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியதே 1963இல்தான். அது நம் வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் இவர்கள் யாரும் இல்லை. ஆகவே இவர்கள் மேடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் எப்படிப் பாடினார்கள் என்பதற்கு வானொலிப் பதிவுகளை விட்டால் மிச்சம் இருப்பது, கல்யாண வீட்டிலும் சபாவிலும் கனமான ஸ்பூல் மெஷினைச் சுமந்துபோய் வைத்த ரசிகர்களின் டேப்தான். அந்த ரசிகர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் பிடித்து வைத்ததைப் பூட்டி வைத்தவர்கள்மேல்தான் வருத்தம்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு, ரெக்கார்ட் செய்ய வரும் ரசிகர்களுக்கென்று 1984இல் அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பதிந்துகொள், யாருக்கு வேண்டுமானாலும் கொடு, விற்காதே என்பதுதான் ஏற்பாடு. அந்த ரசிகர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாத புது ஆள், வெறும் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிந்து திருப்பி அனுப்புவார்கள். "உங்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டு யாரையும் வாசலோடு அனுப்பவில்லை. நம்மிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் அந்தப் பதினோரு ஸ்பூலும் இன்று பத்து வீட்டில் பாடிக்கொண்டிருக்கும்.

பாடகர்களின் உரிமை என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின்மேல் உரிமை கொடுத்தது. 1999இல் அதை 50 வருடமாக நீட்டினார்கள். பதிவு செய்தவர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்று பாடிக்கொண்டிருப்பவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். தொண்டை கட்டிய நாளில் பாடியதை உலகம் கேட்கக் கூடாது என்று ஒருவர் நினைத்தால் அது அவர் மானம், நம் சேகரிப்பைவிடப் பெரியது. என்னிடம் அப்படிக் கேட்டுக்கொண்டவர்களின் ரெக்கார்டிங் எதுவும் என் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. ஆனால் அறுபதுகளின் கச்சேரிகளுக்கு அந்த 50 வருடம் எப்போதோ கடந்துவிட்டது. அவற்றைக் காசுக்கு விற்பவர்களோடு எனக்கு எந்தக் காலத்திலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கொடுப்பவர்களும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். மெஷின் வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த ஸ்வரக் கட்டைக்கு, ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் கேட்பார், காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) ஓடும். அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, பெரியவர் இப்படித்தான் விரட்டிப் பாடினார் என்று நினைத்துக்கொள்ளும். டேப்பிலிருந்து டேப்புக்குப் போகப் போக இரைச்சல் ஏறி, தம்புரா மறையும். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் காப்பி எடுக்கலாம். அப்படியிருந்தும், ஒவ்வொரு தடவையும் ஒலி தேயும் என்று தெரிந்தே, எம்பி3யை மறுபடி எம்பி3யாக்கி வாட்ஸாப்பில் தள்ளுகிறோம்.

எல்லாவற்றையும்விட என்னை வதைப்பது தனி ஆவர்த்தனம், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் பகுதி. டேப் விலை அதிகம் இருந்த காலத்தில், தனி ஆரம்பித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, பாட்டு திரும்பும்போது மறுபடி போட்டார்கள். அதில் தப்பியதைப் பின்னால் காப்பி எடுத்தவர்கள் 90 நிமிடக் கேசட்டில் அடக்குவதற்காக வெட்டினார்கள். பாடகர் பெயர் லேபிளில் இருக்கும், பக்கவாத்தியம் யார் என்றுகூட எழுதியிருக்காது. இரண்டரை மணி நேரம் தோள் கொடுத்த மிருதங்கக்காரருக்குக் கிடைத்த பத்து நிமிடத்தையும் நாமே குப்பையில் போட்டோம்.

மாமி கொடுத்த பெட்டியில் நன்றாக ஓடுகிற ஸ்பூல்களைப் பதிந்துகொண்டிருக்கிறேன். கேட்பவர்களுக்கு முழுசாகத் தருகிறேன், பதிலுக்கு எதுவும் வேண்டாம். ஒன்றில் மதுரை மணி ஐயர், ஏதோ கல்யாணக் கச்சேரி. காம்போஜி ராகப் பாட்டு முடிந்து தனி தொடங்கி நாலு தாளச் சுற்று போனதும் டொக்கென்று நிற்கிறது. பின்னணியில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். லேபிளில் வருடம் இல்லை, மிருதங்கம் யார் என்றும் இல்லை. இதே கச்சேரி வேறு யாரிடமாவது தனியோடு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். டேப் மெஷினை எடுத்துக்கொண்டு நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.