புகாரை எழுதாமல் குற்றம் குறைந்தது என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் வேலூர் சத்துவாச்சாரி குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி வந்திருக்கும். மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வாசலில் தாலிச் சரட்டைப் பறிகொடுத்த எதிர் வீட்டு அக்கா, கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே, "சத்துவாச்சாரியில் குற்றம் குறைந்துவிட்டது, கணக்கே சொல்கிறது, இதைப் பெரிதுபடுத்தினால் மனை விலைதான் இறங்கும்" என்று ஒரு பெரியவர் பேசுகிறார். நாலைந்து பேர் தலையாட்டுகிறார்கள். அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

எந்தக் கணக்கு? அதைத்தான் கேட்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுவது காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் கணக்கு. லட்சம் பேருக்கு இத்தனை வழக்கு என்று வகுத்துச் சொல்கிறார்கள். பதிவாகாதது அதில் வராது. வழக்குப் பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. கேரளத்தில் இந்த விகிதம் பல ஆண்டுகளாகவே நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் திருடர்களா? போய்ப் புகார் கொடுத்தால் அங்கே எழுதிக்கொள்கிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். புகாரே எழுதாத இடத்தில் குற்றம் எப்படிக் கூடும்?

அக்காவின் சரட்டைப் பறித்த அன்று காலை ஐந்தே முக்கால் இருக்கும். அலறல் கேட்டு நான் ஓடியபோது அக்கா வாசற்படியில் சாய்ந்து கிடந்தார். கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. பாதி போட்ட கோலத்தின் நடுவே வண்டிச் சக்கரத்தின் தடம். ஐந்து பவுன் தாலிச் சரட்டை அவர் விடாமல் இறுகப் பிடித்ததில் பாதி அவர் கையிலேயே அறுந்து நின்றுவிட்டது. உள்ளங்கையை விரிக்கச் சொன்னேன், விரிக்கவே இல்லை. கழுத்தில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இது நடந்து எட்டு நாளாகிறது. கையில் இருப்பது காவல் நிலையத்தில் மனு கொடுத்ததற்கான ரசீது மட்டும். வழக்குப் பதிந்ததைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை இன்னும் வரவில்லை. "பாதி நகை மிஞ்சியிருக்கிறதே அம்மா, விசாரிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு இது புதிதல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் புதிய பஸ் நிலையத்திலிருந்து வரும்போது என் கைபேசியைப் பறித்துக்கொண்டு போனார்கள். காவல் நிலையத்தில் உட்கார்ந்து, "இருவர் பறித்துச் சென்றனர்" என்று என் கையால் எழுதினேன். எதிரில் இருந்தவர் தாளை வாங்கினார். அந்த மூன்று சொல்லின் மேலும் அளவுகோல் வைத்தது போல ஒரு கோடு இழுத்தார். மேலே "தவறிவிட்டது" என்று எழுதி, "கீழே கையெழுத்துப் போடுங்கள் அம்மா, இப்படி இருந்தால்தான் சிம் கார்டு சீக்கிரம் கிடைக்கும்" என்றார். இருட்டிவிட்டது, வீட்டில் அம்மா தனியாக இருந்தார், போட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்துக்காக இன்றும் வருந்துகிறேன். அந்த ஆண்டு வேலூரில் குற்றம் குறைந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தக் குறைவில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று சிலர் வருவீர்கள். பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது; 3 ஆண்டு வரை சிறை. காயப்படுத்திப் பறித்தால் அது வழிப்பறி, தண்டனை ஆயுள் சிறை வரைகூடப் போகும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். அக்காவின் கழுத்தில் ஏழு தையல். இதற்கு மேல் என்ன காயம் வேண்டும்?

காவலர்கள் போதவில்லை என்கிறீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கையே காட்டாவிட்டால் கூடுதல் ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் எதைக் காட்டிக் கேட்பார்கள்?

"விடியற்காலையில் நகையோடு ஏன் வெளியே வர வேண்டும்" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாரே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அக்கா வந்தது தன் வீட்டு வாசலுக்கு. கழுத்தில் இருந்தது தாலி. முப்பது ஆண்டுகளாக அதே வாசலில், அதே நேரத்தில் கோலம் போடுகிறவர். நாளைக்கு எங்களைக் கோலமும் போடாதே என்பீர்களா? தெருமுனை விளக்கு எரியாமல் இருப்பதைப் பற்றி அப்படிக் கேட்டவர் ஒரு சொல் பேசவில்லை. மாநகராட்சிக்கு எழுதிய மனுவில் கையெழுத்துப் போடவும் வரவில்லை.

இன்னொருவர், "எல்லாம் வடக்கிலிருந்து வருகிறவர்களால்தான்" என்றார். இதைக் கேட்டு எனக்கு மனம் கொதித்தது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிக் காந்தி ரோடு முழுக்க வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியை அழைத்துக்கொண்டு வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். கடைப் பலகைகளிலேயே வங்க எழுத்து இருக்கிறது. இந்த ஊரின் பாதிப் பிழைப்பு அவர்களை நம்பித்தான் நடக்கிறது. என் அம்மாவை அங்கே சேர்த்திருந்தபோது பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த வங்காளப் பெண், மொழி தெரியாமலேயே, இரவெல்லாம் என் அம்மாவுக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வந்து கொடுத்தாள். அவளுடைய பணப்பையை மருத்துவமனை வாசலில் யாரோ அடித்துக்கொண்டு போனபோது, மொழி தெரியாத ஊரில் எந்த நிலையத்துக்குப் போவது என்று அழுதாள். அவள் கொடுக்காத புகாரும் அந்தக் கணக்கில் இல்லை. அவளைப் போன்றவர்களையா திருடர்கள் என்கிறீர்கள்? அக்காவின் சரட்டை அறுத்தவனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வழக்கே பதியாதபோது அவன் எந்த ஊர்க்காரன் என்று மட்டும் எப்படித் தெரிந்தது?

நான் ஊரைக் கெடுக்கிறேன் என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் தெருவிலேயே பிறந்தவள். கலெக்டர் அலுவலகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில், விடிந்த பிறகும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எட்டு நாளாக எதிர் வீட்டு வாசலில் தண்ணீர் மட்டும்தான் தெளிக்கிறார்கள். அதையும் அவருடைய மகன்தான் செய்கிறான்.

நாளைக் காலை பத்து மணிக்கு அக்காவை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகிறேன். "பறித்துச் சென்றனர்" என்றுதான் எழுதுவோம். அதை அவர்கள் கோடு போட்டு அடித்தால், எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புவோம். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உடன் வருகிறவர்கள் ஒன்பதரைக்குத் தண்ணீர்த் தொட்டி அருகே வந்துவிடுங்கள். தலையாட்டிய நாலைந்து பேரும் வரலாம்.