சக்குக்கு வெல்டு வேண்டாம், வேஸ்ட் துணி போதும்

கடந்த வாரம் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் ஒருவர், தம்முடைய பில்லர் டிரில்லிங் மெஷினில் டிரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, ஓடும்போதே கழன்று விழுகிறது, இரண்டு இடத்தில் வெல்டு வைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். கடலூர் முதுநகரில் இருபது ஆண்டுகளாக லேத் ஓட்டும் எனக்கு இது புதிய கோரிக்கை அல்ல. சக்கை மெஷினோடு இணைக்கும் கூம்புத் தண்டான ஆர்பரில் பஞ்ச் அடித்துப் புள்ளி வைப்பவர்களையும், சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இவை எல்லாம் நோயை மறைக்கும் வேலைகள் என்பதே என் கருத்து.

மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலுக்குள் ஆர்பரைப் பிடித்து வைக்கத் திருகு எதுவும் கிடையாது. இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர் என்னும் கூம்புச் சரிவில் 20 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 1 மி.மீ. விட்டம் குறைகிறது, சரிவு இவ்வளவு மெல்லியதாக இருப்பதால், இரண்டு பரப்புகளும் முழுமையாக ஒட்டினால் உராய்வே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேல்நுனியில் உள்ள தட்டையான நாக்குதான் ஆர்பரைச் சுழற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாகக் கழற்றுவதற்கு உதவும் பகுதி. ஆகவே ஒரு துளி எண்ணெயோ ஒரு சிறு இரும்புத் துகளோ இடையில் இருந்தால் பிடிமானம் போய்விடும்.

இதை நான் கற்றது ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள். பூஜைக்காக எல்லாவற்றையும் துடைத்த எங்கள் பையன், பக்தி மிகுதியால் டேப்பருக்கும் எண்ணெய் பூசிவிட்டான். முதல் துளையிலேயே சக் மேசையில் விழுந்தது. அவனைத் திட்டினேன், ஆனால் சொல்லிக்கொடுக்காதது நான்தானே.

கழற்றும்போது முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேசையில் ஒரு பலகையை வையுங்கள். ஸ்பிண்டிலைக் கீழே இறக்கி, ஸ்பிண்டிலிலும் அதன் வெளியுறையிலும் உள்ள துவாரங்கள் நேராகும் வரை கையால் திருப்பி, டிரிஃப்ட் என்னும் தட்டை ஆப்பின் வட்ட விளிம்பு மேலேயும் தட்டையான விளிம்பு நாக்கின் மேலும் படுமாறு செருகி, ஒரு கையால் சக்கைத் தாங்கிக்கொண்டு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். டிரிஃப்ட் இல்லையென்று ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்புவது நாக்கையும் துவாரத்தையும் ஒருசேரக் கெடுக்கும்.

மாட்டும்போதுதான் பொறுமை தேவை. தின்னர் நனைத்த வேஸ்ட் துணியால் ஆர்பரையும் ஸ்பிண்டிலின் உட்புறத்தையும் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் மறுபடியும் துடைக்க வேண்டும். கடற்காற்றில் ஒரு மழைக்காலம் சும்மா நின்ற மெஷினில் துரு பிடித்திருக்கும். அதை எமரித் தாளால் வட்டமாகத் தேய்த்துச் சரிவையே மாற்றிவிடாமல், மேடு தட்டும் இடத்தில் மட்டும் நைஸ் கல்லால் லேசாக எடுங்கள். நாக்கைத் துவாரத்துக்கு நேராக்கி ஒரே உந்தலில் மேலேற்றுங்கள். சக்கின் தாடைகளை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, பலகையின் மேல் கைப்பிடியால் ஓர் அழுத்து அழுத்தினால் பணி முடிந்தது.

இவ்வளவு செய்தும் விழுகிறதென்றால், மில்லிங் கட்டரை அதில் மாட்டிப் பக்கவாட்டில் இழுக்கிறீர்களா என்று யோசியுங்கள். பக்க விசைக்கு இந்த டேப்பர் தாங்காது.

வந்த நண்பரின் ஆர்பரைத் துடைத்தேன். வெள்ளைத் துணி கறுப்பாகிவிட்டது. மாட்டிப் பார்த்துவிட்டு, வெல்டுக்கு எவ்வளவு என்று அவர் பழக்கத்தில் கேட்டார். ஒரு தேநீருக்குக் காசு கொடுக்கச் சொன்னேன்.