இணைப்பானுக்குப் பின்னால் எத்தனை பேர்?

சேலம் செவ்வாய்பேட்டையில் நான் கணக்குப் பார்க்கும் ஜவ்வரிசி வியாபாரி ஒருவர் சென்ற வாரம் கடுங்கோபத்தில் அழைத்தார். "காசு குடுத்து வாங்குன ஆட்-ஆன், குடோன் கம்ப்யூட்டர்ல ஓடவே மாட்டேங்குதுங்க!"

டேலி என்னும் கணக்கு மென்பொருளுக்கான இத்தகைய கூடுதல் வசதிகளை டிடிஎல் என்னும் நிரல் மொழியில் எழுதி, டிசிபி என்னும் வகைக் கோப்பாகத் தருவார்கள். எழுதியவர் விரும்பினால் அதை ஒரே டேலி உரிமத்தின் வரிசை எண்ணோடு பூட்டிவிடலாம். குடோனுக்குத் தனி உரிமம் வாங்கியிருந்ததால் வரிசை எண்ணும் வேறு. விற்றவர் இதைச் சொல்லவில்லை, பில்லிலும் ஒரு வரி இல்லை.

இது சிறிய இழப்பு. வியாபாரி அடுத்து வாங்கவிருக்கும் கிளவுட் மென்பொருள்தான் எனக்குக் கவலை தருகிறது. ஊர் ஊராகச் சுற்றும் ஏழு விற்பனையாளர்கள் மொபைல் செயலியில் ஆர்டர் போட, இணைப்பான் (இரண்டு மென்பொருள்களுக்கு இடையே தகவலைக் கடத்தும் நிரல்) வழியாக அவை ஒரே லாகினில் உள்ளே போகுமாம்; ஆகவே ஒரு உரிமம் போதுமாம். டேலி கோல்டு உரிமம் அலுவலக நெட்வொர்க்கில் இத்தனை பேர்தான் என்று தலையை எண்ணுவதில்லை என்பதால், நம் கடைவீதிக்கு இந்தக் கணக்கு பழக்கமில்லை. ஆள்கணக்கில் விற்கப்படும் மென்பொருள்களோ இணைப்பானை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நிற்பவர்களை எண்ணுகின்றன. இடையில் எந்த மென்பொருளை வைத்தாலும் தேவையான உரிமங்களின் எண்ணிக்கை குறையாது என்று மைக்ரோசாஃப்ட் தன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது.

மதுபான நிறுவனமான டியாஜியோ இதில்தான் சிக்கியது. அதன் விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் கிளவுட் தளத்தில் அமைத்த செயலிகளைப் பயன்படுத்த, தகவல் இணைப்பு மென்பொருள் வழியாக எஸ்ஏபி என்னும் நிறுவனத்தின் வணிக மென்பொருளுக்குச் சென்றது. அந்த இணைப்பு மென்பொருளும் எஸ்ஏபியுடையதே; அதற்கு உரிமக் கட்டணமும் கட்டியிருந்தார்கள். அது போதும் என்ற வாதத்தை 2017இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. எஸ்ஏபி கேட்ட தொகை 5.4 கோடி பவுண்டுக்கும் மேல். எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை என்றாலும், கட்ட வேண்டிய பொறுப்பு உண்டு என்றது. மறு ஆண்டே எஸ்ஏபி, ஆள்களுக்குப் பதிலாக உருவாகும் ஆவணங்களை எண்ணும் முறையையும் கொண்டு வந்தது. (மாதத்திற்கு எத்தனை பில் போடுகிறோம் என்று தெரியாதவருக்கு அதுவும் ஆபத்துதான்.)

ஏழு பேர் ஒரே லாகினில் ஆர்டர் போட ஒப்பந்தத்தில் இடமுண்டா என்று கிளவுட் மென்பொருளை விற்பவரிடம் வியாபாரியைக் கேட்கச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று தொலைபேசியில் உடனே பதில் வந்ததாம். அதையே மின்னஞ்சலில் எழுதித் தரக் கேட்டு நான்கு நாள் ஆகிறது. அது மட்டும் இன்னும் வரவில்லை.