தண்ணீர் வரவும் வழி வேண்டும், வடியவும் வழி வேண்டும்

மேட்டூரில் திறந்த காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாளில் நாங்கள் பூவும் நெல்மணியும் தூவிக் கும்பிடுவோம். சட்டமன்ற உறுப்பினர் வருவார், அதிகாரிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள். நல்ல வழக்கம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வயலில் தேங்கும் தண்ணீர் கடலுக்குப் போக வேண்டிய வடிகாலை எட்டிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. என் கோபம் அங்கேதான்.

2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுகொண்டு டெல்டா முழுவதும் மழையைக் கொட்டியது. நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கம் எங்கள் வயலில் அப்போது நட்டு இருபத்தைந்து நாளான பயிர். முதல் நாள் மாலை நுனிகள் தெரிந்தன. மறுநாள் அதுவும் இல்லை. வயலும் வடிகாலும் ஒரே மட்டத்தில் நின்றன. வடிகாலைப் பாய் விரித்ததுபோல் வெங்காயத்தாமரை மூடியிருந்தது. அதன்மேல் கொக்கு நடந்து போனது. கீழே உள்ள மதகில் ஷட்டரைத் தூக்கும் திருகு துருவேறி அசையவில்லை. மதகை ஏற்றி இறக்கும் பணியாளரான லஸ்கரைத் தேடினால், பல மதகுகளுக்கு அவர் ஒருவரே. வேறு எங்கோ கரை உடைப்புக்கு மணல் மூட்டை அடுக்கப் போயிருந்தார். ஏழாம் நாள் தண்ணீர் இறங்கியதும் அம்மா வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடித்து இழுத்தார். வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. அழுகிய தாள் மட்டும் கையோடு வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கையை வாய்க்காலில் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மழையை எந்த அரசாலும் நிறுத்த முடியாது. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது. அதை அன்றைக்கே இழுத்துக்கொள்ளும் வடிகால் உலகத்தில் இல்லை. ஆனால் இரண்டு நாளில் வடிவதும் ஒரு வாரம் நிற்பதும் ஒன்றா? இரண்டு நாள் மூழ்கிய பயிர் மேலுரம் போட்டால் தேறிவிடும். ஒரு வாரம் மூழ்கியது போனதுதான். இந்த ஐந்து நாள் வித்தியாசத்துக்குத்தான் அரசு பணம் போட வேண்டும்.

போடவே இல்லை என்று சொல்லமாட்டேன். டெல்டாவில் தூர்வார 2022-இல் 80 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், 4,964 கிலோமீட்டருக்கு. 2023-இல் 90 கோடி, 4,773 கிலோமீட்டருக்கு. வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு லட்சம்கூட வரவில்லை. அந்தக் காசுக்குப் பொக்லைன் வந்து மேலே கிடக்கும் செடிகொடியை வாரும், கொஞ்சம் சேற்றையும் வாரும், இரண்டையும் அதே கரையில் போட்டுவிட்டுப் போகும். முதல் பெருமழையில் பாதி திரும்ப உள்ளே சரியும். அடியில் இறுகிக் கிடக்கும் வண்டல் அப்படியே இருக்கும். வேலை தொடங்குவதும் சித்திரையில். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் முடிக்க வேண்டும் என்று ஓட்டம். பாசன வாய்க்காலுக்கு அந்தத் தேதி சரி. வடிகாலுக்கு ஜூன் 12-இல் என்ன வேலை?

பெரிய கட்டுமானங்களுக்குப் பணம் எப்படியோ வந்துவிடுகிறது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய, திருச்சி அருகேயுள்ள முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு 387 கோடிக்கு மேல் செலவில் புதிய கதவணை எழுந்தது, தேவையான வேலை. வெண்ணாற்றுப் பகுதியிலும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு எல்லாம் சீரமைக்கப்பட்டன. ஆற்றுக் கரைகள் முன்னைவிட உறுதியாக இருக்கின்றன என்பதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஆறு எவ்வளவு அகலமாக இருந்து என்ன, வயலிலிருந்து ஆற்றுக்குப் போகும் சின்ன வடிகால் தூர்ந்து கிடந்தால்? உடைந்த பிறகு நூற்றுக்கணக்கான கோடி வருகிறது. உடையாமல் காக்க ஒரு மதகுக்கு ஆண்டுக்கு ஒரு டப்பா கிரீஸ் வருவதில்லை.

எங்கள் பக்கம் நிலம் ஏறக்குறைய கடல் மட்டத்தில் கிடக்கிறது. தண்ணீர் தானாக ஓடிப்போக வாட்டம் இல்லை. போதாததற்கு, மழைக்காலத்தில் கடலும் ஏறி நிற்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கும். கடல் ஏற்றம் இறங்கும் அந்தச் சில மணி நேரத்தில் கடைமடை மதகைத் திறந்து எவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிறோமோ அவ்வளவுதான் வடிகிறது. நடுராத்திரி இரண்டு மணியானாலும் அங்கே ஆள் இருக்க வேண்டும். புது மதகு கட்டி, ஷட்டருக்குச் சாயம் அடித்து, அதை ஏற்றி இறக்க ஆள் போடவில்லை என்றால் யாருக்குப் பயன்? லஸ்கர் வேலை ஒரு செலவினம் அல்ல. வெள்ளத்தடுப்பில் முதல் முதலீடே அதுதான்.

நம் பக்கத்துத் தவறும் உண்டு. வடிகால் கரையை ஆண்டுக்கு ஒரு முழம் வெட்டித் தங்கள் வயலோடு சேர்த்துக்கொண்டவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்லர். அளந்து கல் நட வருவாய்த் துறை வரும்போது நாம் குறுக்கே நிற்கக் கூடாது.

பயிர் போன பிறகு ஏக்கருக்கு இவ்வளவு என்று நிவாரணம் கொடுக்கிறார்கள். அம்மா அந்தப் பணத்தை வாங்கினார். அது நடவுக் கூலிக்குக்கூட எட்டவில்லை. ஆண்டுதோறும் அப்படிப் போகும் பணத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கென்று தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினோம் என்று அறிவிப்பதோடு, எந்த ஊரில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதையும் ஊராட்சி வாரியாக வெளியிடுங்கள்.

மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். வடிகால் வெடித்துக் கிடக்கும். வண்டி இறங்கும், அளவு எடுக்கலாம், வண்டலை அள்ளி வெளியே கொண்டுபோகலாம். அப்போது வாருங்கள். பூவோடு நாங்கள் நிற்கிறோம்.