வயதோடு 100-ஐக் கூட்டினால் சரியான பிபி வந்துவிடுமா?

"உங்கள் வயதோடு 100-ஐக் கூட்டுங்கள், வருவதுதான் சரியான பிபி. 70 வயதில் 170 இருந்தால் மாத்திரை வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

வயதாக ஆக ரத்தக்குழாய்கள் விறைத்து பிபியின் மேல் அளவு (135/85 என்றால் அந்த 135) ஏறுவது உண்மைதான். அந்தக் காலத்தில் டாக்டர்களே இந்தக் கணக்கைச் சொன்னதுண்டு. ஆனால் பலருக்கு ஏறுகிறது என்பதால் அது நல்லதாகிவிடாது. 1991-இல் வெளியான ஷெப் என்ற அமெரிக்க ஆய்வில், மேல் அளவு மட்டும் 160-க்குக் குறையாமல் இருந்த 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது.

வீட்டுக் கருவியில் சராசரி 135/85-ஐத் தொட்டாலே, 70 வயதானாலும், டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் நம் வீடுகளில் அளக்கும் லட்சணம் இருக்கிறதே! சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, சீரியல் பார்த்துப் பேசிக்கொண்டே பொத்தானை அழுத்துவோம். ஐந்து நிமிடம் சும்மா சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில், கை மேசை மேல், பட்டை நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், அப்புறம் மாலையில், இப்படி ஒரு வாரம். மாத்திரையைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அந்தத் தாளைப் பார்த்து டாக்டர் முடிவுசெய்யட்டும்.

நெஞ்சுவலியோ வாய்க்குழறலோ வந்தால் பிபி பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.